அண்ணன் வீட்டுத் தண்ணீரும் நுவரெலியா ஏற்றமும்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ் இருக்கிறது. ஜன்னலோரம் இடம் கிடைத்தால் தூங்கிக்கொண்டே போகலாம். வாயில் ஒரு புளிப்பு டொபியைப் போட்டுக்கொண்டால் வாந்திகூட வராது. இவ்வளவு வசதி இருக்கும்போது அதே பாதையில் சைக்கிள் மிதித்து ஏறுகிறவர்களுக்கு மண்டைக்குள் ஏதோ ஒரு நட்டு கழன்றிருக்க வேண்டும் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். பெட்ரோல் தட்டுப்பாடு வந்த வருஷம் எனக்கும் கழன்றது.

கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுப்பது என் வேலை. நான் ஒருநாள் போகாவிட்டால் நோயாளிகளுக்கு சந்தோஷம்தான், மேலிடத்துக்கு சந்தோஷமில்லை. ஸ்கூட்டரோ கெலிஓயாவில் எங்கள் வீட்டு வாசலில் காய்ந்து கிடந்தது. பழைய சைக்கிள் விற்கும் ஒரு முஸ்லிம் நானாவைத் தேடி அக்குறணைக்குப் போனேன். "கியர் ஈக்குதானே அக்கா, இதுல நுவரெலியாவுக்கும் ஏறலாம்" என்றார் அவர். விற்கிறவன் சொல்லும் பேச்சை நம்பி நான் செய்த முட்டாள்தனங்களைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதலாம். இது அதில் ஒன்று.

பெட்ரோல் திரும்பி வந்தது. சைக்கிளை நான் விடவில்லை. இடுப்புச் சதை கொஞ்சம் கரைந்தது ஒரு காரணம். வீட்டில் யாரும் "என்னையும் போற வழியில எறக்கி விடு" என்று பின்னால் தொற்றிக்கொள்ள முடியாது என்பது அதைவிடப் பெரிய காரணம். இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் கண்டியில் சைக்கிள் ஓட்டுகிற சிலர் சேர்ந்து நடத்தும் அந்தச் சவாலைப் பற்றிக் கேள்விப்பட்டேன். விடியற்காலையில் ஏரிக்கரையில் புறப்பட வேண்டும். பேராதனை, கெலிஓயா, கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று மிதித்து மதியத்துக்குள் நுவரெலியா போய்ச் சேர வேண்டும். எல்லோருக்கும் பின்னால் ஒரு லொறி ஊர்ந்து வரும். அது நம்மை எட்டிப் பிடித்தால் சைக்கிளையும் ஆளையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடும். நகரசபை குப்பை அள்ளுகிற அதே முறைதான்.

பெயர் கொடுத்துவிட்டு வந்து வீட்டில் சொன்னேன். கணவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே "சரி" என்றார். என்ன சொன்னேன் என்று மறுநாள்தான் கேட்டார். பதினைந்து வயது மகள் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, அந்தப் பஞ்சு வச்ச கால்சட்டைய மட்டும் நம்ம ரோட்டுல போட்டுட்டு நடக்காதீங்க. நான் ஸ்கூலுக்குப் போகணும்" என்றாள்.

முதல்நாள் மாலை ஏற்பாட்டாளர்கள் எல்லோரையும் கூட்டி வைத்துச் சிங்களத்தில் விளக்கினார்கள். புசல்லாவையில் தண்ணீருக்கு ஒரு நிறுத்தம். அங்கே இறங்கிக் கையில் ஒரு மஞ்சள் நாடா கட்டிக்கொள்ள வேண்டும். நாடா இல்லாமல் நுவரெலியாவுக்கு வந்தால் நடுவில் பஸ் ஏறி வந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்களாம். புசல்லாவையில் எந்த இடம் என்று யாரோ கேட்டார்கள். கோயிலைத் தாண்டி வளைவில் இருக்கிற சாப்பாட்டுக் கடை, முன்னால் பஸ் நிறுத்துகிற அளவுக்கு இடம் உண்டு, முதலாளி ரொம்ப நல்ல மனுஷன், தண்ணீர் முழுக்கத் தன் வீட்டுக் குழாயிலேயே பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், நாடாவும் அவரே கட்டிவிடுவார் என்றார்கள். அந்த ரொம்ப நல்ல மனுஷன் என் அண்ணன்.

எனக்கும் அவருக்கும் நாலு வருஷமாகப் பேச்சில்லை.

காரணம் என் மகள் பெரிய மனுஷியானது. பதினொரு வயதில் ஆனாள். தாய்மாமன் என்ற முறையில் சடங்கு முழுக்க அண்ணனுடைய பொறுப்பு. பொறுப்பு என்பதைவிட உரிமை என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். சொல்லியனுப்பிய அன்றே அவர் பந்தலுக்கு ஆள் பிடித்துவிட்டார், ஒலிபெருக்கிக்குப் பேசிவிட்டார், சீர்த்தட்டு தூக்க தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பேரைத் திரட்டிவிட்டார். இங்கே மகள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு வரமாட்டேன் என்றாள். "ஊரைக் கூட்டி ஸ்பீக்கர்ல சொல்றதுக்கு நான் என்ன எலெக்ஷன்லயா ஜெயிச்சேன்?" என்று கேட்டாள். சடங்கு வேண்டாம் என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன். நான் செய்தது சரி. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அண்ணன் அடுத்த பஸ்சிலேயே கெலிஓயாவுக்கு வந்து இறங்கினார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே கத்தினார். "நான் புள்ளைக்குத் தாய்மாமனா, இல்ல தெருவுல போறவனா? ஊருக்கெல்லாம் சொல்லிட்டு இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கடையத் தொறப்பேன்? இனி ஒன்கிட்ட ஒரு வார்த்த பேசினா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல." அவருக்கு அப்பா என்றால் எனக்கும் அப்பாதான் என்பதால் எனக்கும் சுட்டது. "ஒங்க வீட்டுத் தண்ணி இனி என் தொண்டையில எறங்காது, போங்க" என்றேன். எங்கள் குடும்பத்தில் சொத்து என்று பிரித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ரோஷத்தை மட்டும் அப்பா ஆளுக்குச் சரிபாதியாக விட்டுப் போயிருக்கிறார். ஆகவே அவர் பேசவில்லை, நான் குடிக்கவில்லை.

எங்கள் சொந்தத்தில் பேச்சில்லை என்றால் வாயே திறக்க மாட்டார்கள் என்று அர்த்தமில்லை. நடுவில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு தாராளமாகப் பேசுவார்கள். சித்தப்பா செத்த வீட்டில் அண்ணன் எனக்கு இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டு, "மழ தூறுது, வெளிய நிக்கிறவங்கள உள்ள வரச்சொல்லு" என்று அண்ணியிடம் சொன்னார். வெளியே நின்றவள் நான் ஒருத்திதான். "மழ எங்கள ஒன்னும் செய்யாதுன்னு சொல்லுங்க அண்ணி" என்று நானும் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி யாருக்கும் எதையும் சொல்லாமல் கண்ணை உருட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு ஒரு கிழமை காய்ச்சல்.

பெயரை வாபஸ் வாங்கிவிடலாமா என்று அன்று இரவு யோசித்தேன். பிறகு, அவருக்குப் பயந்து நான் ஏன் நிற்க வேண்டும் என்று தோன்றியது. நாடாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் விதி. தண்ணீர் குடிக்க வேண்டும் என்று விதியில்லை.

கம்பளை வரை காரியம் சுலபமாக நடந்தது. கம்பளை தாண்டியதும் ரோடு தன் புத்தியைக் காட்டத் தொடங்கியது. அங்கேதான் ஒருவர் எனக்குப் பக்கத்தில் மூச்சிரைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இளையவர், வங்கியில் மாற்றலாகிக் கண்டிக்கு வந்தவர். அவருடைய ஊரில் மேடு என்று பார்த்தால் பாலத்தைத்தான் காட்ட வேண்டும். "அக்கா, இந்த ஏத்தம் எங்கை முடியுது?" என்று கேட்டார். நுவரெலியாவில் என்றேன். "கடன் கேட்டு வந்த சனத்தை எல்லாம் நாளைக்கு வாங்கோ, நாளைக்கு வாங்கோ எண்டு அலைக்கழிச்சனான். அந்தப் பாவம்தான்" என்றார். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்தே மிதித்தோம்.

ஒரு பஸ் தரிப்பிடத்தில் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் நின்றிருந்தார்கள். "பஸ்சு ஓடலையா புள்ள?" என்று ஒருத்தி கேட்டாள். ஓடுது, நான் சும்மாதான் போறேன் என்றேன். "சும்மாவா? புருஷன் எங்க?" வீட்டில் சோறாக்குகிறார் என்றேன். அவர்கள் சிரித்த சிரிப்பு அடுத்த வளைவு வரைக்கும் கேட்டது. அவர்கள் முதுகில் கூடையைச் சுமந்துகொண்டு தினமும் ஏறுகிற மலையை நான் பெயர் கொடுத்து, இலக்கம் குத்திக்கொண்டு ஏறுகிறேன். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அண்ணனின் கடை முன்னால் ஒரே கூட்டம். நீல நிறப் பீப்பாய் ஒன்றைக் கதிரை மேல் ஏற்றிக் குழாய் வைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஆட்கள்கூட அதில் போத்தல் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் மஞ்சள் நாடாக்களை மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். முன்தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கொத்மலை நீர்த்தேக்கம் இருக்கிற திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டினேன். அப்படியே கட்டினார். முடிச்சுக்கு மேல் முடிச்சு, ஆட்டுக்குட்டியைக் கட்டுகிற மாதிரி. உள்ளேயிருந்து அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

அண்ணன் பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்துக்காரரிடம் சொன்னார். "தம்பி, ஒங்க பின்னால நிக்கிறவங்களப் போத்தல நெரப்பிக்கச் சொல்லுங்க. இனித்தான் கடும் ஏத்தம்."

அவர் பாவம், ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "அக்கா, போத்தலை நிரப்பட்டாம்."

"எங்ககிட்ட காசு இருக்கு, நாங்க வாங்கிக்குவோம்னு சொல்லுங்க தம்பி."

"தாங்கள் வாங்குவினமாம்" என்று அவர் அண்ணனிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கக்கூடிய இடத்திலைதானே நிக்கிறியள்?" என்று கேட்டார்.

நான் ரோட்டைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனேன். அண்ணனுக்கும் அந்தக் கடைக்காரருக்கும் கடை திறந்த நாளிலிருந்து ஆகாது. ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். கடைக்காரர் முகத்தில் தீபாவளி. "தங்கச்சிக்கு ஐஸ் போத்தல் தரவா? ரெண்டு போதுமா?" என்று அண்ணன் காதில் விழுகிற மாதிரி சத்தமாகக் கேட்டார். இரண்டு போத்தல் வாங்கி சைக்கிளில் செருகினேன். அண்ணன் நாடா கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. பந்தியில் உட்கார்ந்த ஆளைச் சாப்பாடு போடுவதற்கு முன்னால் எழுப்பிவிட்டால் எப்படி நிற்பான், அப்படி நின்றார். எனக்கு ஒரு நிமிஷம் நன்றாக இருந்தது. அடுத்த நிமிஷத்திலிருந்து நன்றாக இல்லை.

மேலே ஏற ஏறக் கால் என் பேச்சைக் கேட்க மறுத்தது. தேயிலைச் செடிகள் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வேடிக்கை பார்த்தன. ஒவ்வொரு பஸ்சும் ஹோர்ன் அடித்து என் மீது புகையைக் கக்கிவிட்டுப் போனது. இதற்கிடையில் பின்னால் ஓர் ஓட்டோவின் சத்தம் கேட்டது. அது முந்தவும் இல்லை, நிற்கவும் இல்லை. திரும்பிப் பார்த்தால் அண்ணன். கழுத்தில் மிச்ச நாடாக்களோடு கடையை அண்ணியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

ஓட்டோ எங்களுக்குச் சமமாக வந்து யாழ்ப்பாணத்துக்காரர் பக்கமாக ஊர்ந்தது. "தம்பி, கியரக் கொறைக்கச் சொல்லுங்க. இப்புடி மிதிச்சா மொழங்கால் போயிரும்."

"ஓட்டோ ஓட்டுறவங்க முன்னால ரோட்டப் பாத்து ஓட்டட்டும்னு சொல்லுங்க தம்பி."

"ஐயோ, நான் என்ன தபால்காரனே?" என்றார் அவர். "எனக்கு மூச்சு விடவே வழியில்லை. அதுக்குள்ளை உங்கட கதையையும் காவோணுமே?" ஆனாலும் நல்ல மனுஷன். இரண்டு வளைவு வரை எல்லாவற்றையும் காவினார். கியரைப் பற்றிச் சொன்னதும் நான் குறைத்துவிட்டேன் என்பதையும், அதற்குப் பிறகு கால் லேசானது என்பதையும் அவர் அண்ணனிடம் சொல்லவில்லை. நானும் சொல்லச் சொல்லவில்லை.

றம்பொடைக்குக் கொஞ்சம் கீழே ஓட்டோ திடீரென்று எங்களை முந்திப் போய் ஓரமாக நின்றது. அண்ணன் இறங்கினார். அந்த இடத்தில் மலையிலிருந்து வடிகிற ஊற்றுக்கு யாரோ குழாய்த் துண்டு ஒன்றைச் செருகிப் பீலி வைத்திருந்தார்கள். அண்ணன் ஒரு வெறும் போத்தலை எடுத்துக்கொண்டு ரோட்டோரக் கானைத் தாண்டினார். பாசியில் வழுக்கி முழங்கால் வரை சேற்றில் இறங்கினார். எழுந்து போத்தலை நன்றாக அலசி ஊற்றினார், திரும்பவும் அலசினார், நிரப்பினார். நிரம்பிய போத்தலை எங்கள் இருவருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

"தம்பி, அவங்களுக்குச் சொல்லுங்க. இது என் வீட்டுத் தண்ணி இல்ல. மலைத் தண்ணி. ரோட்டுல போற யாரும் குடிக்கலாம்." சொல்லிவிட்டுப் போத்தலை ரோட்டோரக் கட்டின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். சேறு அவருடைய வேட்டியில் வடிந்துகொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்துக்காரர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், கீழே வளைவில் ஊர்ந்து வருகிற லொறியைப் பார்த்தார். "அக்கா, அண்ணை, ரெண்டு பேரும் கேளுங்கோ. உங்களுக்கு விசர். நான் வாறன்" என்றார். காலையிலிருந்து அவர் அவ்வளவு வேகமாக மிதித்து நான் பார்க்கவில்லை.

நடுவில் இப்போது ஆளில்லை. கட்டின் மறுபக்கத்தில் ஒரு குரங்கு மட்டும் உட்கார்ந்திருந்தது. அண்ணன் அதையும் ஒரு தடவை பார்த்தார். அதனிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

லொறி வருவதற்குள் நான் கிளம்பியிருக்கலாம். என் சைக்கிளில் எதிர்க்கடைத் தண்ணீர் இரண்டு போத்தல் இருந்தது, ஒன்றை இன்னும் திறக்கவே இல்லை. போதாததற்கு நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள். பீலித் தண்ணீரில் என்னென்ன நீந்தும் என்பதை உருப்பெருக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தவள். சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போய் அந்தப் போத்தலை எடுத்தேன். அண்ணாந்து குடித்தேன். பல்லெல்லாம் கூசியது. பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

"குடிச்சிட்டேன்" என்றேன். யாரிடமும் சொல்லச் சொல்லாமல் அவரிடமே சொன்னேன்.

இனி அவருடைய முறை. வேட்டிச் சேற்றைத் தட்டினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். எதிர்க்கடையில் தண்ணீர் வாங்கியதைக் கேட்பார், சடங்கைக் கேட்பார், நானும் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

"புள்ள இப்ப எவ்வளவு ஒசரம்?" என்று கேட்டார்.

கையைத் தூக்கி என் ஹெல்மெட்டுக்கு மேலே நாலு விரல் தள்ளிப் பிடித்துக் காட்டினேன். அண்ணன் அந்தக் கையையே பார்த்தார். பிறகு தன் கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, தன் நெஞ்சுக்கு நேராகக் காற்றில் வைத்தார். கடைசியாக அவர் பார்த்தபோது அவள் நின்ற உயரம் அது. கொஞ்சம்கூடப் பிசகாமல் வைத்திருந்தார்.

லொறி வந்து எங்கள் பக்கத்தில் நின்றது. "நகின்ன நங்கி" என்று மேலிருந்து ஒருவர் ஏறச் சொல்லிக் கையை நீட்டினார். நான் கையை இறக்கவில்லை, அண்ணனும் இறக்கவில்லை. அந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் அவள் வளர்ந்த உயரத்தை அண்ணன் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரோட்டில் நின்று வாய்விட்டு அழுதேன்.